‘வேறு ஆதாரம் இல்லாதபோது’



1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். பிறகு சாதி இந்துக்கள் சாணத்தையும் மூத்திரத்தையும் ஊற்றி அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இப்படி நீரைக் கெடுப்பவரைத் தண்டிக்க 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு உண்டு. யாரும் எதையும் கலக்காமலே கெட்டுப்போகும் நீரை அந்தச் சட்டம் காணாது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கல்பாக்கம் கடற்கரை மணலுக்கு அடியில் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நீரியல் கணக்கு. நிலம் வைத்திருப்பவர் அதன் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882 ஈஸ்மெண்ட் சட்டம். தோப்புக்காரரும் விடுதிக்காரரும் ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிறார்கள். உப்பேறினால் அவர்கள் தண்ணீர் லாரியை வரவழைப்பார்கள். நிலமில்லாத சேரிக்கு இருப்பது ஒரு பொதுக்கிணறுதான். 1994-இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்ட மண்ணோடு சேர்ந்ததுதான் அதனடியில் இருக்கும் தண்ணீரும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ‘வேறு ஆதாரம் இல்லாதபோது’ 2,000 வரை போகலாம். யாருக்கு வேறு ஆதாரம் இல்லை என்பதைத் தீர்மானிப்பது ஆய்வுக்கூடம் அல்ல. இதே கடற்கரையில் நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2013 முதல் சென்னைக்காக இயங்குகிறது. கல்பாக்கம் அணுமின் வளாகத்திலும் அப்படி ஓர் ஆலை உண்டு. ஆதாரம் இருக்கிறது. அது யாருக்கு என்பதில்தான் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரவேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐவரில் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஊர்க் கிணற்றின் முடிவையும் சேரிக் கிணற்றின் முடிவையும் தனித்தனியே வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கிராமசபையில் உரக்கப் படியுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால், அதற்கு அங்கேயே பதில் கேளுங்கள்.

ஜெய்பீம்.