பிழையிற் பிறந்த பெயர்



'ஆக்சிசன்' என்னும் சொல் கிரேக்க வேர்களால் ஆனது; ஆயினும் பழங்கிரேக்கர் வாயில் வழங்கிய சொல்லன்று. 1777-ஐ ஒட்டிப் பிரெஞ்சு வேதியியலார் இலவாசியர் அதனைப் படைத்தார். அவ்வளியை ஆங்கிலேயர் பிரீசுட்டிலி 1774-இலேயே பிரித்தெடுத்திருந்தார். சுவீடன் நாட்டுச் சீலெ அவர்க்கும் முந்தியவர். கண்டவர் இருவர் இருக்க, மூன்றாமவர் இட்ட பெயரே நின்றது!

கந்தகத்தையும் கரியையும் எரித்து, எரிந்து விளைந்ததை நீரிற் கரைத்தால் காடித்தன்மை தோன்றுவதை இலவாசியர் கண்டார். காடிகட்கெல்லாம் இவ்வளியே தாய் என்று முடிவு கட்டினார். கிரேக்கத்தில் 'ஒக்சுசு' என்பது கூர்மை. நாவைக் கூராகத் தாக்கும் புளிப்பும் அதுவே. 'கெனேசு' என்னும் ஈற்றைப் 'பிறப்பிப்பது' எனக் கொண்டு அதனோடு இணைத்தார். கிரேக்க வழக்கிலோ அவ்வீறு பெரும்பாலும் 'பிறந்தது' என்றே பொருள்படும். தியோகெனேசு என்னும் பெயர்க்குச் சீயசுக் கடவுட்குப் பிறந்தவன் என்பதே பொருள். சீயசைப் பெற்றவன் என்பதன்று!

சொல்லமைப்பு கிடக்க, பொருளும் பொய்த்தது. உப்பினின்று எடுக்கும் காடியில் இவ்வளி சிறிதும் இல்லை. நீரகமும் குளோரினுமே உள்ளன. 1810-இல் அம்பிரி தேவியின் ஆய்வால் இஃது விளங்கிற்று. பெயரைத் திருத்த இலவாசியர் இல்லை. 1794-இலேயே பிரெஞ்சுப் புரட்சியின் கொலைப்பொறி அவர் தலையைக் கொண்டுவிட்டது.

கொள்கை வீழ்ந்தும் பெயர் வீழவில்லை. செருமானியர் அவ்வளியைத் தம் மொழியிற் 'புளிப்புப்பொருள்' என்றனர். உருசியர் 'புளிப்பீனி' என்றனர். சப்பானியர் 'காடித்தனிமம்' என்றனர். தத்தம் மொழியிற் பெயர்த்தமை நன்று. பிழையையும் உடன் பெயர்த்ததே இரங்கத்தக்கது. போலந்தியரோ கனன்றெரிதலைக் குறிக்கும் தம் வேரினின்று புதுச்சொல் ஆக்கினர். சீனர் 'பேணி வளர்க்கும் வளி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

தமிழில் 'உயிர்வளி' இருக்கவும் பாடநூல்கள் ஆக்சிசனையே ஓதுகின்றன. உலகப் பொதுச்சொல் என்று அதற்குக் கரணியம் காட்டுவோர், செருமானியனும் உருசியனும் சீனனும் அதனை வழங்காமையை எண்ணிப் பார்ப்பாராக. உயிர்வளி என்பதும் முற்றிலும் குறையற்ற பெயரன்று. அவ்வளியின்றியே வாழும் நுண்ணுயிர்களும் உள. எனினும் மூச்சுவிடும் குழந்தைக்கு அப்பெயர் பொய் சொல்லாது. இலவாசியரும் அவர் காலத்துப் பிரெஞ்சு வேதியியலாரும் அவ்வளிக்கு ஆண்ட மற்றொரு பெயரும் 'உயிர்க்காற்று' என்பதே.