சோறும் மூச்சும் சேரும் இடம்

(கடக்வாஸ்லா தமிழ் மாலை வகுப்பில் பேசியது)



போன ஞாயிற்றுக்கிழமை நாம் சிங்ககட் கோட்டைக்கு ஏறினோம். பாதி வழியிலேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பாறையில் உட்கார்ந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "நடக்கிறது கால். மூக்கு ஏன் இந்தப் பாடு படுது?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் அரைகுறையாகத்தான் தெரிந்தது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். பழைய அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தெரிந்தவர்களிடமும் கேட்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன அறை. நாம் சாப்பிட்ட சோறு செரித்துச் சர்க்கரையாகிறது. அது இரத்தத்தில் கலந்து ஒவ்வொரு அறைக்கும் போகிறது. மூச்சில் இழுத்த பிராணவாயுவும் அதே இரத்தத்தில்தான் போகிறது. இதை ஆக்சிஜன் என்றும் சொல்வார்கள். சோறும் மூச்சும் சேரும் இடம் அந்தச் சின்ன அறை. அங்கே சர்க்கரை எரிகிறது. அடுப்பு மாதிரி தீ எழாது. கொஞ்சம் கொஞ்சமாக எரியும். கரியமில வாயுவும் தண்ணீரும் மிஞ்சும். கூடவே சக்தி கிடைக்கும்.

அந்தச் சக்தியை உடம்பு எப்படிப் பிடித்து வைக்கிறது? நம்மில் பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள். உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

மாடிக்குச் செங்கல் ஏற்றும்போது வரிசையாக நின்று கை மாற்றுவோம் அல்லவா? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று மிகச் சிறிய பைகள் இருக்கின்றன. அதன் சுவரில் அப்படி ஒரு வரிசை நிற்கிறது. சர்க்கரையிலிருந்து வரும் எலக்ட்ரான் என்ற நுண்துகள்தான் செங்கல். வரிசையின் கடைசியில் நின்று அதை வாங்கிக்கொள்வது பிராணவாயு. கடைசி ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? வரிசை முழுவதும் செங்கலும் கையுமாக நிற்கும்.

கை மாற்றும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. ஹைட்ரஜன் துகள்களைச் சுவரின் ஒரு பக்கத்துக்கு இறைத்துத் தேக்குகிறார்கள். நம் ஊர் அணையில் முட்டா ஆற்றுத் தண்ணீர் தேங்கி நிற்பது போல. தேங்கியது திரும்பி வர வழி தேடும். வழியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. மின்சார நிலையத்தில் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுமே, அதே மாதிரி. இந்தச் சக்கரம் ஒரு விநாடிக்கு 100 சுற்றுக்கு மேல்கூடச் சுற்றுமாம். சுற்றச் சுற்ற ஏ.டி.பி. என்ற பொருள் உண்டாகிறது. அது செல்லின் சில்லறைக் காசு. கால் தூக்க, கண் இமைக்க, எழுத்துக் கூட்டிப் படிக்க, எல்லாவற்றுக்கும் இந்தக் காசுதான்.

இந்த அணைக் கதையை முதலில் சொன்னவர் இங்கிலாந்துக்காரர், பீட்டர் மிட்செல். வெகு நாள் பலர் நம்பவில்லை. 1978ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் கட்டுரை வெளியானது 1961 ஜூலை மாதம். அதே மாதம் 12ஆம் தேதிதான் பான்ஷெட் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் நம் கடக்வாஸ்லா அணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. தேதியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவ்வளவுதான்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். ஏறும்போது கால் தசைக்கு நிறையக் காசு வேண்டும். கடைசி ஆள் நிறைய வர வேண்டும். அதனால்தான் மூச்சு வேகமாகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்படியும் போதாதபோது தசை பிராணவாயு இல்லாமலே கொஞ்சம் சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கும். அதில் வருமானம் குறைவு. பிராணவாயு இருந்தால் ஒரு குளுக்கோசுக்குச் சுமார் 30 காசு. இல்லாவிட்டால் 2தான். அப்போது தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம்தான் தயிரையும் புளிக்க வைப்பது. கோட்டை மேலே மண்சட்டியில் தயிர் வாங்கிச் சாப்பிட்டோமே, அதே புளிப்பு.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா கலவைச் சட்டி சுமந்தவர். ஒரு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மேஸ்திரி "சோம்பேறி" என்று திட்டுவார். வீட்டில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வயிறு நிறையச் சோறுதான் சாப்பிட்டார். ஒரு நாள் மயங்கி விழுந்தபோது இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

பிராணவாயுவைச் சுமப்பது இரத்தத்தின் சிவப்பணு. அதில் உள்ள ஹீமோகுளோபினுக்கு இரும்புச் சத்து வேண்டும். அது குறைந்தால் சுமை தூக்க ஆள் குறைவு. செல்லில் சோறு இருக்கும், எரிக்கக் காற்று போதாது. ஒன்று கவனியுங்கள். சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. தான் சுமக்கும் பிராணவாயுவை அது தனக்கென்று எரித்துக்கொள்வதில்லை. என் அம்மா மாதிரி.

டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இரும்பு மாத்திரையை மாதக் கணக்கில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது இரும்பை உடம்பில் சேர விடாது என்றார். கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள் என்றார். அடுத்த தீபாவளிக்குள் அம்மா மூன்று மாடி ஏறினார். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியதற்கு வருத்தமும் சொல்லவில்லை.

இன்னொன்று. இங்கே மார்கழிக் குளிர் கடுமை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு மூட்டித் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூங்கியவர் எழுந்திருக்கவே மாட்டார். யாராவது அப்படிக் கிடந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரிதான்.

புதன்கிழமை காலை நான் இரத்தம் சோதிக்கப் போகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள். பெயரை நீங்களே எழுதித் தாருங்கள்.