சாடியில் தங்காத உயிர்

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த கடலுயிரியல் கருத்தரங்கின் தலைமை உரை)



கடலுயிர் பற்றிய கருத்தரங்கை ஆற்றங்கரை ஊரில் ஏன் வைத்தீர்கள் என்று நேற்று மாலை ஒருவர் கேட்டார். பொதிகையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணிக்குக் கடைசி அணைக்கட்டு இந்த ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. இதைத் தாண்டும் தண்ணீர் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் போய் மன்னார் வளைகுடாவைத் தொடுகிறது. அங்கே உப்பு எவ்வளவு என்பது இங்கே எவ்வளவு தண்ணீர் தாண்டியது என்பதைப் பொறுத்தது. ஆகவே கடலைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு முழு உரிமை உண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஓர் உயிரினக் கூட்டம். பாடநூல்கள் டீனோஃபோரா என்கின்றன; பேச்சில் சீப்பு ஜெல்லி என்கிறோம். எனக்கு அது அறிமுகமான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி மாணவனாக இருந்தபோது, ஒரு மாசி மாதக் காலையில், புன்னைக்காயலில் ஒரு பெரியவருடைய வள்ளத்தில் ஏறினேன். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நீவாடு அடங்கி, தண்ணீர் தெளிந்து கிடந்தது. வள்ளத்தின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஏதோ மின்னியது. கையை நீட்டியவன் பயந்து இழுத்துக்கொண்டேன். சொறி என்ற ஜெல்லிமீன் என்று நினைத்துவிட்டேன். மாமா சிரித்தார். "இது அரிக்காது தம்பி. ஆனா கையால எடுக்காத, கலங்கிப் போயிரும். தண்ணியோட சேத்து மொள்ளு" என்றார். ஈயம் பூசிய பித்தளைச் செம்பால் மொண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன்.

நெல்லிக்காயின் மேல் கோடுகள் ஓடுமே, அதுபோல் அந்த உருண்டையின் மேல் உச்சியிலிருந்து அடிவரை எட்டுக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் வானவில் ஓடியது. சிவப்பு தோன்றிய இடத்தில் பச்சை வந்தது, பச்சை போய் நீலம் வந்தது. கோட்டின் ஒரு முனையில் பிறந்த நிறம் மறுமுனைவரை ஓடி மறைந்து, மறுபடி பிறந்தது. அன்றே மடல்போல் இருபுறமும் விரிந்த, கைப்பிடி அளவுள்ள இன்னொரு வகையும் கிடைத்தது. இரண்டையும் பெருமையோடு கொண்டுபோய், ஆய்வுக்கூட வழக்கப்படி பார்மலின் சாடிகளில் போட்டேன். மறுநாள் நெல்லிக்காய் சுருங்கி வெள்ளைக் கட்டியாகிக் கிடந்தது. மடல் கொண்டது இருந்த சாடியில் கலங்கல் தண்ணீர் மட்டும் இருந்தது. உயிரினமே இல்லை. மாமா சொன்னதைக் கேட்டு மொண்டவனுக்கு, அதற்கு அடுத்த பாடத்தைக் கற்க ஒரு விலங்கைக் கரைக்க வேண்டியிருந்தது. அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

இந்த உயிரினத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் அந்தச் சாடியில் இருக்கிறது. வலையில் சிக்கினால் சிதையும், மருந்தில் போட்டால் கரையும். அருங்காட்சியக அலமாரிகளில் நண்டும் சிப்பியும் வரிசையாக நிற்கும். சீப்பு ஜெல்லிக்கு உரிய தட்டில் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. இதை உயிரோடு, தண்ணீருக்குள், நேரம் ஒதுக்கிப் பார்த்தவர்களே ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்கள். என் உரை முழுவதும் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரும்.

உடலமைப்புக்கு வருகிறேன். வாழைத்தாரை நன்கு அறிந்த மக்கள் நாம். தண்டில் சீப்பு சீப்பாக அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். சீப்பு ஜெல்லியின் ஒவ்வொரு கோடும் அப்படிப்பட்ட தார்தான். கோடு நெடுகச் சிறு தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு தகடும் ஆயிரக்கணக்கான குற்றிழைகள் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ந்தது. நம் மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் குற்றிழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. இங்கே அது 2 மில்லிமீட்டர்வரை நீள்கிறது. குற்றிழையைத் துடுப்பாகக் கொண்டு நீந்தும் விலங்குகளில் இவையே மிகப் பெரியவை. தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. வயலில் காற்று புகுந்தால் நெற்கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வதுபோல், உச்சியில் தொடங்கிய அசைவு வாயை நோக்கிப் பரவுகிறது. விலங்கு வாயை முன்னிட்டு நகர்கிறது.

அந்த வானவில் விலங்கின் சொந்த ஒளியன்று. அசையும் தகடுகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம் அது. இருட்டில் வைத்தால் வானவில் இல்லை. பல இனங்கள் இருட்டில் தாமாகவே நீலப்பச்சையாக ஒளிரவும் செய்யும். அது வேறு வேலை, வேறு செல்கள். நான் மொண்ட நெல்லிக்காய் வகையான புளூரோபிராக்கியாவுக்கு அந்தத் திறன் கிடையாது. தேர்வுத்தாள்களில் இவ்விரண்டையும் மாணவர்கள் குழப்பி எழுதுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

வாய்க்கு நேர் எதிர் முனையில் இருப்பதுதான் என் மனத்தை அதிகம் கவர்ந்த உறுப்பு. கண்ணாடிக் குமிழ்போன்ற மூடிக்குள், நான்கு குற்றிழைக் கற்றைகளின் மேல் ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர்ப் பெருமாள் கள்ளபிரானின் புறப்பாட்டில் சீர்பாதம் தாங்கிகள் பல்லக்கைத் தோளில் ஏற்றி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தோள் தாழ்ந்தால் பாரம் அவர்மேல் கூடும், அவருக்கு உடனே தெரியும். விலங்கு சாய்ந்தால் கல்லின் பாரம் ஒரு கற்றையின்மேல் கூடுகிறது. ஒவ்வொரு கற்றையிலிருந்தும் ஒரு வாய்க்கால் இறங்கி இரண்டாகப் பிரிந்து இரண்டு சீப்பு வரிசைகளுக்குப் போகிறது. எந்தத் தோள் தாழ்ந்ததோ அந்த வரிசைகளின் வேகம் மாறும். உடல் நிமிரும் அல்லது திரும்பும். மூளை என்று ஒன்று இல்லாமலே இவ்வளவும் நடக்கிறது.

இரை பிடிப்பதில்தான் சொறிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. இரண்டு பைகளுக்குள்ளிருந்து இரண்டு நீண்ட இழைகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் பக்க இழைகள் வரிசையாகத் தொங்கும். ஒரே கயிற்றில் வரிசையாக முள் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலை இங்கு வந்திருக்கும் கடலோடிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தூண்டிலில் முள் இல்லை, நஞ்சு இல்லை; பசை இருக்கிறது. கொல்லோபிளாஸ்ட் என்ற செல்கள் இரை பட்டதும் வெடித்துப் பசையால் ஒட்டிப் பிடிக்கின்றன. ஹெக்கேலியா என்ற ஒரே ஒரு பேரினத்தில் மட்டும் கொட்டும் செல்கள் உண்டு. அவையும் அதன் சொந்தமல்ல, தான் தின்ற சொறியிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டவை. பெரோயி என்ற இன்னொன்றுக்கு இழைகளே கிடையாது. வாயை அகலத் திறந்து மற்ற சீப்பு ஜெல்லிகளை விழுங்கும். வாயின் உள்ளோரத்தில் கனத்த குற்றிழைகள் பற்கள்போல் நின்று கடித்துத் துண்டாக்கும்.

சொறியையும் இதையும் வெகுகாலம் குழியுடலிகள் என்று ஒரே தொகுதியில் வைத்திருந்தார்கள். 1829இல் எஷ்ஷோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதற்குத் தனிப்பெயர் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதன் குடலுக்கு வாய் ஒன்றே வாசல் என்ற கருத்தும் அப்படியே தங்கியது. 2016இல் வில்லியம் பிரௌன் என்ற அமெரிக்க ஆய்வாளர், உணவு வாய்வழி போய்க் கழிவு எதிர்முனையின் துளைகள்வழி வெளியேறுவதைப் படம்பிடித்துக் காட்டினார்.  உயிரோடு, பொறுமையாகப் பார்த்ததால் கிடைத்த விடை அது. 2024இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் இப்படித் தொடங்கியதே. தொட்டியில் இருந்த நீமியோப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லிகளில் ஒன்று மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதற்கு எதிர்முனைகள் இரண்டு. காயம்பட்ட இரண்டு விலங்குகள் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் சுருங்கியது. ஒன்று தின்ற இரை மற்றதன் குடலுக்கும் போனது.

நம் கரையிலும் இப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்வளத்துறை நடத்திய கடலுயிரியல் நிலையத்தில், தேவநேசனும் வரதராசனும் 1930களின் இறுதியில் சீலோபிளானா பேரினத்தில் மூன்று புதிய இனங்களை விவரித்தார்கள். ஒன்றின் பெயரிலேயே குருசடை இருக்கிறது: சீலோபிளானா குருசடியென்சிஸ். சீலோபிளானா நீந்துவதில்லை. மென்பவளம், நட்சத்திர மீன் போன்றவற்றின் மேல் தட்டையாக ஒட்டி ஊர்கிறது. பார்த்தால் சளித்துளி என்றே தோன்றும். வளர்ந்த விலங்குக்குச் சீப்புகளே கிடையாது. ஆனால் அதன் இளவுயிரிக்கு எட்டு வரிசைச் சீப்புகள் இருக்கின்றன. தரையைப் பிடித்ததும் அவற்றை உதிர்த்துவிடுகிறது. சீப்பில்லாத சீப்பு ஜெல்லியை, அதுவும் வேறொரு விலங்கின் தோல்மேல், அந்தக் காலத்து வசதிகளோடு கண்டுபிடித்த கண்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அவர்கள் பெயரை நம் பாடத்திட்டத்தில் எங்கும் நான் பார்க்கவில்லை. இந்த அவையிலாவது உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

விலங்குக் குலத்தின் வேரிலிருந்து முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா என்ற வழக்கு 2008 முதல் நடக்கிறது. 2013இல் நீமியோப்சிஸின் மரபணுத் தொகுதியும், 2014இல் புளூரோபிராக்கியாவினுடையதும் வெளிவந்தன. 2023இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை ஒப்பிட்டவர்கள் சீப்பு ஜெல்லியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். எதிர்வாதங்கள் நிற்கின்றன. என் மனம் 2023 முடிவின் பக்கமே சாய்கிறது. அது சரியென்றால், நரம்பு இரண்டு முறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சு தன்னிடமிருந்ததை இழந்திருக்க வேண்டும். அதே 2023இல் சீப்பு ஜெல்லியின் இளவுயிரியில் நரம்பு வலையின் செல்கள் இடைவெளி விட்டு நிற்காமல் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதையும் காட்டினார்கள். நம் நரம்புகள் அப்படி இல்லை. மாமாவின் வள்ளத்தோரம் மின்னிய நெல்லிக்காய்க்குள் இவ்வளவு பழைய கேள்வி இருந்தது.

இதன் அழகை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தால் கடலோடிகளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 1980களின் தொடக்கத்தில், கப்பல்கள் எடைக்காக நிரப்பிக்கொள்ளும் தண்ணீரில் அமெரிக்கக் கரையிலிருந்து நீமியோப்சிஸ் கருங்கடலுக்குப் போனது. மீன்முட்டையையும் மீன்குஞ்சையும் அவை தின்னும் மிதவை உயிர்களையும் தின்று பெருகியது. பத்தாண்டுக்குள், ஏற்கெனவே அளவுக்குமீறிப் பிடிக்கப்பட்டுவந்த நெத்திலித் தொழில் சரிந்தது. 1997இல் அதைத் தின்னும் பெரோயி வந்த பிறகே நிலைமை தணிந்தது. தூத்துக்குடித் துறைமுகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். நெத்திலி நமக்கும் சோறு. நம் கடலில் எந்தச் சீப்பு ஜெல்லி, எந்த மாதத்தில், எவ்வளவு என்ற கணக்கு நம்மிடம் இருந்தால்தான், புதிதாக ஒன்று வரும்போது அது புதியது என்று தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் தண்ணீருக்கு நடுவே நின்றது. அந்த வெள்ளம் முகத்துவாரத்தில் இறங்கியபோது அங்கிருந்த மிதவை உயிர்களுக்கு என்ன நேர்ந்தது? எத்தனை நாளில் திரும்பின? ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் வீண் என்ற சொல்லை எடுப்பது சரியில்லை.

நாளைக் காலை ஐந்து மணிக்கு மண்டபத்து வாசலிலிருந்து புன்னைக்காயலுக்கு வேன் புறப்படுகிறது. அங்கே மூன்று வள்ளங்கள் காத்திருக்கும். வருகிறவர்கள் வெள்ளைக் கிண்ணம் ஒன்று, கண்ணாடித் தம்ளர் ஒன்று, பென்சில், நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுங்கள். நேரத்தையும் தண்ணீரின் உப்பளவையும் பக்கத்திலேயே குறியுங்கள். பார்மலின் யாரும் கொண்டுவர வேண்டாம். பார்த்து முடித்ததும் தண்ணீரோடு திரும்ப விட்டுவிடுவோம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.