உடலின் முதற்காவல்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு உடலறிவியலில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் இன்றும் உளர். அவரோடு வழக்காடுவதினும் சொல்லிக் காட்டுவதே தக்க விடையாகும். ஆதலின், நோய்நுண்ணுயிர்களை நம் உடல் எதிர்க்கும் முறையை இன்று எடுத்துக்கொண்டேன்.

உடலின் எதிர்ப்பாற்றல் இருவகைத்து. ஒன்று, பிறவியிலேயே அமைந்தது. இன்ன பகையென முன்னறியாமலே உடனே தொழிற்படுவது. இதனை உடன்பிறந்த எதிர்ப்பு எனலாம். மற்றொன்று, வந்த பகையை அடையாளங்கண்டு, அதற்கென்றே படைக்கலம் ஆக்கி, பின்னும் அதனை நினைவில் வைத்திருப்பது. இது பட்டறிந்த எதிர்ப்பு. தடுப்பூசி பயன்தருவது இதனால்தான். ஆனால், புதிய பகைக்கு எதிராக இது முழுமையாக அணிவகுக்கப் பல நாள்கள் ஆகும். அந்நாள்களில் கோட்டையைக் காப்பது உடன்பிறந்த எதிர்ப்பே.

கோட்டையின் மதில் தோல். அதன் மேலடுக்கு ஓயாது உதிர்கிறது. ஒட்டிய நுண்ணுயிர்களும் உடன் உதிர்கின்றன. மூச்சுக்குழலிற் கோழை பசைபோல் நின்று தூசியையும் நுண்ணுயிரையும் பற்றுகிறது. அங்குள்ள நுண்மயிர்கள் அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இரைப்பையிற் சுரக்கும் காடி, விழுங்கப்பட்ட நுண்ணுயிர்களுட் பலவற்றைக் கொல்கிறது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் நுண்ணுயிரின் சுவரைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு. 1922-இல் அதனை அறிவித்தவர், பின்னர் 1928-இல் பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கு ஆவார்.

மதில் கிழிந்தால் என் செய்வது? அங்கே உட்படை எழுகிறது. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் உருசிய அறிஞர் மெச்சுனிக்காவு, விண்மீன் வடிவக் கடலுயிரின் இளம்புழுக்களை நுண்ணோக்கியால் ஆய்ந்துகொண்டிருந்தார். அவை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையன. தோட்டத்து முளரிச் செடியின் முள்ளை எடுத்து அப்புழுவின் தோலுக்கடியிற் செருகினார். மறுநாட் காலை, முள்ளைச் சூழ நகரும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன! அயற்பொருளைத் தின்னும் உயிரணு என்னும் கருத்து அங்கே பிறந்தது. அவர் 1908-இல் எர்லிக்கு என்பாரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வுயிரணுவுக்கு வியன்னா அறிஞர் கிளாவுசு வழியாகக் கிரேக்கப் பெயர் அமைந்தது. 'தின்னும் அணு' என்பதே அதன் பொருள். நாம் விழுங்கணு என்கிறோம். என் மாணவி ஒருத்தி அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிழையின்றி எழுதுவாள். பொருள் கேட்டால் விழிப்பாள். விழுங்கணு என்று சொன்னதும், "விழுங்கிய பின் அது என்னாகும், ஐயா?" என்று கேட்டாள். அறிவியல் அந்தக் கேள்வியிலன்றோ தொடங்குகிறது!

அவளுக்குச் சொன்ன விடை இது: விழுங்கணு தன்னுட் பகையை ஒரு பையில் அடைத்து நொதிகளாற் சிதைக்கிறது. அப்போரிற் பல வெள்ளணுக்கள் தாமும் மாள்கின்றன. புண்ணிற் காணும் சீழிற் பெரும்பகுதி அவ்வாறு மாண்ட வெள்ளணுக்களே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி வெள்ளணுக்களை நம் எலும்பின் உள்ளீடு ஆக்கித் தருகிறது. புண்ணைச் சுற்றிய சிவப்பும் வீக்கமும், குருதி அங்கு மிகுந்து பாய்வதன் அடையாளங்கள். காய்ச்சலும் பெரும்பாலும் உடல் தானே ஏற்றிக்கொள்ளும் வெம்மையே. ஆயினும், காய்ச்சல் கடுமையாயினும் நீடிப்பினும் மருத்துவரை நாடுக. புண்ணிற் சாணமும் சாம்பலும் இடாதீர். தூய நீராலும் வழலையாலும் கழுவுக. கிழிந்த மதில்வழி நாமே பகையை அழைத்தலாகாது.

பகையை உடல் எவ்வாறு அறிகிறது? நுண்ணுயிர்களுக்கு உண்டாய், நம் உயிரணுக்களுக்கு இல்லாதனவாய்ச் சில பொது அடையாளங்கள் உள. அவற்றை உணரும் வாயில்கள் நம் உயிரணுக்களில் அமைந்துள்ளன. 1996-இல் ஆப்மன் குழுவினர் பழ ஈயிலும், 1998-இல் பாய்ட்லர் குழுவினர் எலியிலும் செய்த ஆய்வுகள் இதனை விளக்கின. இருவரும் 2011-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குமின்! அயல் என்பதனாலேயே உடல் எல்லாவற்றையும் அழிப்பதில்லை. உண்ணும் சோறும் அயற்பொருளே. அதனைச் செரித்துத் தன்னதாக்குகிறது. குடலில் கோடி கோடியான நுண்ணுயிர்கள் நம்மோடு கூடி வாழ்கின்றன. பெரும்பாலும் எல்லை கடந்து புகுந்து கேடு செய்வதையே உடல் எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பும் அளவு கடந்தால், உறுப்புகள் செயலற்று உயிர் போதலும் உண்டு.

தனித்தமிழ்க் கொள்கையும் அத்தகையதே. எம்மொழிமீதும் நமக்குப் பகையில்லை. பிறமொழிகளைக் கற்போம், அவற்றின் அறிவைச் செரித்து நம்மதாக்குவோம். ஆனால் நம் சொல் இருக்க அயற்சொல் புகுந்து, நம் மொழியின் தோலைக் கிழிக்க இடங்கொடோம். வெறும் முழக்கத்தால் அது கைகூடாது. ஆசிரியரும் மாணவரும் தாம் கற்ற அறிவியலைத் திங்களுக்கு ஒரு பக்கமேனும் தெளிதமிழில் எழுதுக; சிறார்க்குப் படித்துக் காட்டுக. அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால், நம் பணி வென்றது என்று கொள்க.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!