மேல்தளத்திற்கு முன் அடித்தளம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெருகியுள்ளனர், வகுப்பறைகள் போதவில்லை. மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே. "தூண்களில் கம்பி விட்டுத்தானே கட்டியிருக்கிறார்கள், பிறகென்ன தயக்கம்?" எனச் சிலர் வினவுகின்றனர். நீட்டி நிற்கும் கம்பி அன்றைய பெரியவர்களின் விருப்பத்திற்குச் சாட்சி. அஸ்திவாரத்தின் வலிமைக்கு அது சாட்சியாகாது. வெயிலிலும் மழையிலும் துருவேறிய அக்கம்பியை இனி நம்பலாமா என்பதே ஆராயத்தக்கது.

கணக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 20 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குலக் கனம் கொண்ட கான்கிரீட் தளம் மட்டுமே ஏறத்தாழ 12 டன் எடையுடையது. சுவரும் உத்தரமும் அதற்கு மேல். கட்டிடத்தின் சொந்த எடை நீங்கலாக, ஆட்கள் ஏறிச் செல்லும் மொட்டைமாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வகுப்பறைத் தளமோ 300 கிலோ தாங்க வேண்டும். இன்றைய கூரை நாளை தரையாகும்போது அதன் சுமை இரட்டிப்பாகிறது. அத்தனை பாரமும் தூண் வழியே மண்ணுக்கே இறங்குகிறது. கரிசல் மண்ணோ மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்.

ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, பழைய வரைபடத்தை அவரிடம் ஒப்படைப்போம். அஸ்திவாரத்தின் ஓரத்தில் குழி தோண்டி அதன் ஆழ அகலத்தை அவர் அளக்கட்டும், மண்ணைச் சோதிக்கட்டும், தூண்களைச் சுத்தியல் சோதனைக்கும் மீயொலிச் சோதனைக்கும் உட்படுத்தட்டும், உள்ளிருக்கும் கம்பிகளைக் கருவியால் கண்டறியட்டும், ஐயமுள்ள இடத்தில் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்து அதன் வலுவைப் பார்க்கட்டும். "பார்த்தாலே தெரிகிறது, தாங்கும்" என்னும் வாய்மொழி நமக்குப் போதாது.

வங்காளதேசத்தின் ராணா பிளாசா கட்டிடத்தில் அனுமதியின்றி மேல்தளங்கள் எழுப்பப்பட்டிருந்தன. விரிசல் கண்ட மறுநாளே, 2013 ஏப்ரல் 24 அன்று, அது சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அருகே திருநெல்வேலியில், 2021 டிசம்பர் 17 அன்று பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். ஒரு சுவரே உயிர்களைப் பறிக்குமெனில், ஒரு மாடியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆய்வின் முடிவு 'கூடாது' என்றால் மனம் கோணாமல் ஏற்போம். அப்போது மாடியில் கீற்றுக்கொட்டகை போடலாம் என்னும் எண்ணமும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொண்டுபோன தீ, மேல்தளத்துக் கீற்றுக்கூரையில் பரவிய தீயே. தூண்களை வலுப்படுத்த வழியுண்டா எனக் கேட்போம். இல்லையேல் பக்கத்து நிலத்தில் தரைத்தளமாகவே கட்டுவோம். அதுவரை இருவேளை வகுப்பு நடத்துவோம்.

ஆய்வுச் செலவை வீண் என்று எண்ணாதீர்கள். நீங்கள் தந்த பணம் அமானிதம். காலையில் நம்மை நம்பி அனுப்பப்படும் பிள்ளைகள் அதனினும் பெரிய அமானிதம். அவர்களை மாலையில் பத்திரமாக வீடு சேர்ப்பதே நம் முதற்கடமை. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.