கூப்பிட்டா திரும்பாத பையன்: காதுக்குள்ள வைக்கிற குட்டி டியூப்

சாந்தோம்ல இருந்து, வழக்கம்போல பின்னணியில ஃபேன் சத்தத்தோட நான். இன்னைக்கு டெக் இல்ல. காது.

என் அக்கா பையனுக்கு அப்போ நாலு வயசு. ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன், அவன் டிவிய அலற விட்டிருக்கான். "சவுண்டக் குறைடா"ன்னு மூணு தடவை சொன்னேன். திரும்பவே இல்ல. ரிமோட்டைப் பிடுங்கி நல்லா திட்டிட்டேன். அவன் அழுதுகிட்டே கேட்டான்: "மாமா, ஏன் திடீர்னு கத்துற?" முதல் மூணு தடவை நான் சொன்னது அவனுக்குக் கேட்கவே இல்ல.

அந்த ஒரு வருஷத்துல அவனுக்கு நாலு தடவை காதுவலி, காய்ச்சல். மருந்து கொடுத்தா சரியாகும், அடுத்த சளிக்குத் திரும்ப வரும். ஸ்கூல்ல "கவனிக்க மாட்டேங்கிறான்"னு சொன்னாங்க. எங்க அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தலாம்னாங்க. காது கேட்குதான்னு டெஸ்ட் பண்ணணும்னு எங்க யாருக்கும் தோணல.

கடைசியில ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கினாங்க. செவிப்பறைக்குப் பின்னாடி, நடுக்காதுல காத்து இருக்கணும். அங்கிருந்து மூக்கோட பின்பக்கத்துக்கு யூஸ்டேஷியன் குழாய்னு ஒரு பாதை போகுது. குழந்தைங்களுக்கு அது குட்டையா, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்துல இருக்கும். சளி பிடிச்சா அடைச்சுக்கும், உள்ள நீர் தேங்கும். கிருமியும் சுலபமா ஏறிடும். வலி போன பிறகும் நீர் மட்டும் மாசக்கணக்குல நிக்கலாம். அப்போ குழந்தைக்கு உலகமே காதுல விரல் வச்ச மாதிரிதான் கேட்கும். இவன் டெஸ்ட் ரிப்போர்ட்ல, மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு தட்டையா இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு எடுத்தப்பவும் அதே தட்டை.

தீர்வு? கிராமெட். நம்ம இன்ஜினியரிங் ஆளுங்களுக்குத் தெரிஞ்ச பேருதான், ஒயர் போற ஓட்டையில மாட்டுற ரப்பர் வளையம். செவிப்பறையில சின்னதா கீறி, நீரை உறிஞ்சி எடுத்துட்டு, அரிசியை விடச் சின்ன டியூப் ஒண்ணை வைப்பாங்க. அடைச்ச குழாய்க்கு மாத்து வழியில காத்து உள்ள போகும். 1954-ல அமெரிக்க டாக்டர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் டியூபோட இந்த முறைக்குத் திரும்ப உயிர் கொடுத்தார்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "முழு மயக்கம் கொடுக்கணுமா?" ஆமா, சின்னப் பசங்களுக்குக் கொடுக்கணும். அன்னைக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கல. நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிச்சேன்.

ஒண்ணு தெளிவாச்சு. அடிக்கடி தொற்று வருதுங்கிறதுக்காக மட்டும் டியூப் வைக்க ஓடக் கூடாது. 2021-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுல 250 குழந்தைங்க, எல்லாரும் மூணு வயசுக்குக் கீழ. டியூப் வச்சவங்களுக்கும், தொற்று வரும்போது மருந்து மட்டும் எடுத்தவங்களுக்கும் ரெண்டு வருஷத்துல தொற்று எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான்: வருஷத்துக்குச் சராசரியா ஒன்றரை. ஆனா நீர் மூணு மாசத்துக்கு மேல தேங்கி, கேட்கிறதும் குறைஞ்சிருந்தா, அது வேற கேஸ். இவன் அந்த ரெண்டாவது கேஸ். செஞ்சோம்.

ஆபரேஷன் கால் மணி நேரம் கூட ஆகல. சாயங்காலமே வீட்டுக்கு வந்தாச்சு. மறுநாள் காலையில சர்ச் மணி அடிச்சப்போ, "அது எங்க அடிக்குது?"ன்னு கேட்டான். பொறந்ததுல இருந்து அந்த மணிக்குப் பக்கத்துலதான் இருக்கான். அக்கா கிச்சன்ல போய் அழுதா. நான் அவன்கிட்ட சாரி கேட்டேன்.

டியூப் பெரும்பாலும் 6 முதல் 18 மாசத்துல தானா விழுந்துடும். சிலருக்குக் காதுல நீர் வடியலாம், சிலருக்கு ஓட்டை மூடாம நிக்கலாம். அதனால செக்கப்பை விடாதீங்க. காதுல எண்ணெய் ஊத்தவே ஊத்தாதீங்க. நிமோகாக்கல் தடுப்பூசி 2021-ல இருந்து தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல இலவசம், மறக்காம போடுங்க.

உங்க வீட்டுக் குழந்தை கூப்பிட்டா திரும்பலையா? திட்டுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!