காடிழந்தோரும் நம் கடமையும்

(கண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்நகரை அணைத்தோடும் மகாவலியை நாள்தோறும் காண்கிறோம். அந்நதி கிழக்கே இறங்கி மகியங்கனையை அடைகிறது. அதற்கப்பால் இருப்பது தம்பானை. இத்தீவின் ஆதிக்குடிகளாகிய வேடர் வாழும் ஊர் அது.

மகாவலித் திட்டம் பல்லாயிரம் ஏக்கரைக் கழனியாக்கியது, அதை மறுப்பாரில்லை. ஆயினும், மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1983-ல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டில் வேட்டை குற்றமாயிற்று. தேனெடுக்கவும் அனுமதி வேண்டியதாயிற்று. குடும்பங்கள் பல குடியேற்றக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. முதுதலைவர் தீசாகாமியோ, 1998-ல் கண்மூடும்வரை தம்பானையை விட்டகலவில்லை.

ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை 2007-ல் நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. மூதாதையர் நிலத்தின்மீது உரிமையையும், தம் கருமங்களைத் தாமே நடத்தும் சுயாட்சியையும் அப்பிரகடனம் ஏற்கிறது. நியூயோர்க்கில் உயர்ந்த கை தம்பானைக்கு நீள வேண்டாமா?

"இது நமக்கெதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964-ல் இரு அரசுகள் நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கிட்டன. அந்த வேதனையை அறிந்த நாம் வேடர் துயரை அறியாதிருக்கலாமா? வாகரைப் பகுதியின் கரையோர வேடர் பேசுவதும் தமிழே!

சுயாட்சி கோரும் நாம், நம்மினும் சிறிய மக்களுக்காக வாய் திறவாவிடில் நம் கோரிக்கைக்கு அறவலிமை ஏது? ஆகவே, வேடரைக் கேளாமல் வேடர் காட்டைப் பற்றி எம்முடிவும் கூடாதென்று நம் மேடைகளிலும் முழங்குவோம்.